பன்னிரண்டு மணிப் புள்ளி

டக், டக், டக். மூன்று பெட்டுக்கும் மூன்று தட்டு. ஜெபராணி சிஸ்டர் ஸ்க்ரீனைத் தட்டிய வேகத்திலேயே திரும்பி, "மருந்து வண்டி வந்துருச்சான்னு பாத்துட்டு வந்துர்றேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போயும்விட்டாள். சுவர்க் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டு. பொற்கொடி ஸ்டூலில் உட்கார்ந்தபடி, தங்கச்சி வேணியின் வியர்த்த கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்க்ரீன் இருந்த அந்த மேசையையே பார்த்தாள். பார்த்தாளா இந்தச் சிஸ்டர்? வேணியை உள்ளே பார்த்தாளா? கையுறை மாட்டவில்லை, திரைச்சீலையை இழுக்கவில்லை, பெட்டுப் பக்கம் வரக்கூட இல்லை, ஆனால் ஸ்க்ரீனில் வேணியின் கட்டத்தில், பன்னிரண்டு மணிக்கு நேராக, ஒன்பது சென்டிமீட்டர் என்று ஒரு புள்ளி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, காலை எட்டு மணிப் புள்ளியிலிருந்து அதற்குக் கோடு ஏறுகிறது, கோட்டைச் சுற்றிப் பச்சை. காலையில் பார்த்தபோது ஐந்து சென்டி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உள்ளே பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும், புள்ளி ஏறிக்கொண்டே போனால் பிரசவம் நல்லபடி போகிறது, ஏறாமல் படுத்துக்கொண்டால் டாக்டரைக் கூப்பிடு, அதற்குத்தான் அந்த வரைபடம், நர்சுகள் பார்ட்டோ பார்ட்டோ என்று சொல்வது அதைத்தான். பொற்கொடி நர்சும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் இந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான், ஏனென்றால் காகிதத்தில் இருந்ததை ஸ்க்ரீனுக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். இரண்டு வருஷ உழைப்பு, நாற்பத்தொரு ஆஸ்பத்திரி, சென்னை ஆபீசில் அவள் மேசைக்கு மேலே கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம். காலையில் வேணியைச் சேர்க்க வந்தபோது ஜெபராணி அவளைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நம்ம ட்ரெய்னிங் மேடம்! மறப்பனா? உங்க புண்ணியத்துல எழுத்து வேலை ஒழிஞ்சது மேடம்" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அதைக் கேட்டு பொற்கொடிக்கு என்ன பூரிப்பு, என்ன பூரிப்பு! அது காலையில்.

அந்தப் புள்ளியைப் பற்றிச் சொன்னால்தான் அவள் ஏன் இப்படி வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று விளங்கும். நர்சு விரல் வைப்பதற்கு முன்னாலேயே அது அங்கே இருக்கும், சாம்பலாக, மங்கலாக, அடுத்தது இந்த இடத்தில்தான் விழும் பார் என்று. பழைய பிரசவங்களையெல்லாம் வைத்து மெஷினே போட்டுக்காட்டும் புள்ளி, நிழல் புள்ளி என்று அதற்குப் பேர். நர்சு பார்த்தது அதோடு ஒத்துப்போனால் ஒரே தட்டு, ஒத்துப்போகாவிட்டால் விரலால் இழுத்து வேறு இடத்தில் வை, எவ்வளவு சுலபம்! பொற்கொடி இந்த யோசனையைச் சொன்ன அன்றைக்கு ஆபீசே கைதட்டியது. நர்சுகள் நொந்துபோயிருக்கிறார்கள், ஒருத்தி மூன்று பேரைப் பார்க்கிறாள், அவள் மூளைக்கு ஒத்தாசையாக ஒரு கருவி, யோசிக்கிற பாரத்தில் பாதியை நாம் வாங்கிக்கொள்வோம் என்று மேடையேறி மைக்கைப் பிடித்துப் பேசினாளே, வாங்கிக்கொள்வதாம், வாங்கி எங்கேடி வைத்தாய், இந்த அறையில் இப்போது யார் யோசிக்கிறார்கள், மெஷினா, அந்தச் சிஸ்டரா, யாருமே இல்லையா? வேறோர் ஊரில், காகித காலத்தில், ஒரு நர்சை அவள் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று கவனித்தாள். ஒல்லியான அம்மா, பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. உள்ளே பார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவி, பேனாவை எடுத்து, கட்டத்துக்கு மேலே கொண்டுபோய், வைக்காமல் அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டைத் திரும்பிப் பார்த்தாள். பழைய புள்ளியைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பேனாவை மூடிவிட்டு மறுபடி அந்தப் பெண்ணிடம் போய் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் புள்ளி வைத்தாள். பேனா அந்தரத்தில் நின்றது பதினொரு வினாடி. பொற்கொடி நோட்டில் எழுதினாள்: வீணாகும் நேரம், பதினொரு வினாடி. எழுதி இரண்டு கோடும் கிழித்தாள் கீழே. அந்தப் பதினொரு வினாடியை ஒழிப்பதற்காகத்தான் அம்மா தாயே இவ்வளவு பாடும், அதை ஒழித்துத்தான் பாராட்டுப் பத்திரம் வாங்கினாள்.

வேணி முனகினாள், வலி வந்தது, கையை நசுக்கியது, போனது. பொற்கொடி அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதே அந்த ரிக்கார்டு ரூம் ஞாபகம் வந்தது, வராமல் இருந்தால்தானே! பழைய பார்ட்டோ சீட்டுகள் ஆயிரத்து இருநூற்று மூன்று, மூட்டை மூட்டையாக, தும்மித் தும்மி ஒன்பது நாள் உட்கார்ந்து ஸ்கேன் பண்ணினாள். அவளுக்கு அழுக்கு ஆகாது, அது பிறவிக் குணம், பள்ளிக்கூட நோட்டில் ஓர் அடித்தல் விழுந்தால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதுவாள், கிழித்த தாளையெல்லாம் வேணி பொறுக்கிக்கொண்டு போய்க் கப்பல் செய்வாள். அந்தக் குணத்தோடுதான் சீட்டுகளையும் தரம் பிரித்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது சுத்தமானவை, மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தது இவற்றை வைத்துத்தான். என்ன அழகு ஒவ்வொன்றும்! ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி கோடு, மணிக்கு ஒரு சென்டி, மணிக்கு ஒரு சென்டி, எல்லாப் பெண்ணும் சொல்லிவைத்தாற்போலப் பெற்றிருக்கிறாள். அப்போதே கண்ணில் பட்டது. படவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலை பதினொரு மணிப் புள்ளியும் மத்தியானம் மூன்று மணிப் புள்ளியும் ஒரே ஊதா மசி, ஒரே அழுத்தம், ஒரே கை. நடுவில் இரண்டு மணிக்கு டூட்டி மாறி ஆளே மாறியிருப்பார்களே, பேனா மட்டும் எப்படி மாறாமல் இருந்தது? பிரசவம் முடிந்து, குழந்தை அழுது, எல்லாம் கழுவித் துடைத்த பிறகு, நாளைக்கு ஆய்வுக்கு வருவார்களே என்று உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்ட புள்ளிகள். நல்லபடி முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு போட்டால் கோடு நல்லபடியாகத்தான் ஏறும். நல்லபடி முடியாததெல்லாம்? சிக்கலான கேஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சீட்டும் ஆம்புலன்சிலேயே கூடப் போய்விடும், ரிக்கார்டு ரூமில் இருக்காது. மிச்சம் அறுபத்து மூன்று. டீக்கறை, ரத்தக்கறை, நாலு விதப் பேனா, கோணல் மாணல் கோடு. ஒன்றில் கோடு அஞ்சு மணி நேரம் அப்படியே படுத்துக் கிடந்தது, ஓரத்தில் கிறுக்கல்: தலை இறங்கலை. டாக்டருக்கு போன், எடுக்கலை. மறுபடி போன். அந்த அறுபத்து மூன்றையும் அவள் குப்பை என்று பேர் போட்ட ஒரு ஃபோல்டரில் தள்ளினாள். நடந்தபோதே எழுதியது அது மட்டும்தான்! பேனா மாறவில்லையே என்று பொற்கொடிக்கு அன்றைக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது, பிறகு பசித்தது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மிச்சத்தை ஸ்கேன் பண்ணினாள்.

"அக்கா." வேணி கண்ணைத் திறந்திருந்தாள். "எவ்ளோக்கா காட்டுது?" என்றாள். ஒன்பது என்று சொன்னாள் பொற்கொடி. "அப்ப சீக்கிரம் ஆயிரும்ல? பச்சையாத்தானே இருக்கு?" "ஆமா பாப்பா, பச்சையாத்தான் இருக்கு." அடிப்பாவி! இருபத்தெட்டு வருஷமாக இந்தப் பிள்ளையிடம் ஒரு பொய் சொன்னதில்லை. வேணி சிரித்தாள், உதடு வெடித்திருந்தது, சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், அந்த ஒற்றைச் சிரிப்பு பொற்கொடியின் நெஞ்சை அறுத்தது. இங்கே கூட்டிக்கொண்டு வந்ததே அவள்தானே. வேணியின் புருஷன் பால்பாண்டி தலைப்பாடாக அடித்துக்கொண்டான், "மதினி, மதுரைக்குப் போயிருவோம் மதினி, தனியார்ல பாத்துருவோம்" என்று. "எங்க கருவி இருக்கற ஆஸ்பத்திரி தம்பி, ஆபரேஷன் தியேட்டர் இருக்கு, மயக்க டாக்டர் இருக்கார், ஒரு பயமும் இல்ல, நான் சொல்றேன்" என்று அடக்கியது யார்? இப்போது அவன் வராந்தாவில் நடந்துகொண்டிருக்கிறான், ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள். அம்மாவுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும், அதனால் துணைக்கு அக்காக்காரி. துணை! நல்ல துணை. இல்லை, இரு, இரு, அவசரப்படாதே. பதினொன்றரைக்குச் சிஸ்டர் வந்து வயிற்றில் கருவி வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டாள், நூற்று நாற்பது, நல்ல துடிப்பு என்றாள், அது அவள் காதாலேயே கேட்டது. அதற்குப் பிறகு பொற்கொடி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள், அஞ்சு நிமிஷம், ஏழு நிமிஷம் இருக்கும், அந்த நேரத்தில் சிஸ்டர் உள்ளே பார்த்திருக்கலாமே, பார்த்துவிட்டு மனசில் வைத்துக்கொண்டு பன்னிரண்டுக்குத் தட்டியிருக்கலாமே, ஆமாம், அப்படித்தான் இருக்கும், பாவம் அவளைப் போய்ச் சந்தேகப்பட்டு... பொற்கொடிக்கு அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. வந்த மூச்சை அவளால் நம்ப முடியவில்லை. குனிந்து, "பாப்பா, நான் வெந்நிக்குப் போனேன்ல, அப்ப சிஸ்டர் உள்ள பாத்தாங்களா?" என்று காதோடு கேட்டாள். வேணி யோசித்தாள். "இல்லியேக்கா. காலைல பாத்ததுதான்."

சரி. பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, ஒன்பதாகவே இருக்கலாம் இல்லையா, பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது என்று நாற்பத்தொரு ஆஸ்பத்திரியும் சொல்கிறதே, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஒத்துப்போகிறது என்று அறிக்கை எழுதினோமே, எதோடு ஒத்துப்போகிறது மூதேவி, தட்டினதோடு தட்டினது ஒத்துப்போகிறது, நிழலைத் தட்டி நிழலையே சரிபார்த்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும். எழுந்து போய்ச் சொன்னால் என்ன? சிஸ்டர், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று. சும்மா கேட்கிற மாதிரி, அக்காக்காரி பயந்து கேட்கிற மாதிரி. கேட்டால் அவள் முகம் எப்படிப் போகும்? காலை ஏழு மணியிலிருந்து ஒற்றை ஆளாக நிற்கிறாள், இன்னொரு சிஸ்டரை முகாம் டூட்டிக்கு அனுப்பிவிட்டார்கள், காலையில் ஒரு இட்லியைப் பிய்த்து நின்றபடி வாயில் போட்டதைப் பார்த்தாள், அவளிடம் போய் நீ பொய்ப் புள்ளி வைத்தாய் என்றா? யார் எத்தனை மணிக்குத் தட்டினார்கள் என்பது மெஷினில் பதிந்துகொண்டே இருக்கும், அதையும் செய்து வைத்தது இந்தப் புண்ணியவதிதான், நாளைக்கு விசாரணை என்று வந்தால் ஜெபராணியின் வேலை போகும், பொற்கொடிக்குப் போகாது, அவள் பேர் எந்தப் புள்ளியிலும் இல்லை. வெள்ளிக்கிழமை மீட்டிங், கருவியை எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோவது பற்றி, மேலதிகாரி ரெங்கராஜன் சார் புது சட்டை வாங்கியிருக்கிறாராம் அதற்கு. அந்த மீட்டிங்கில் எழுந்து அஸ்திவாரமே ஓட்டை என்று சொல்வாளா அவள்? சொல்லமாட்டாள். அவளுக்கே தெரியும், சொல்லமாட்டாள். இதை நினைத்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது, கையை உதறிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் கை வேணியிடம் இருந்தது. வேணியின் பிடி இறுகியது, கடிகாரத்தைப் பார்த்தாள், பன்னிரண்டு பதினொன்று. தளர்ந்தது. மறுபடி இறுக எவ்வளவு நேரம்? காலையில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்துகொண்டிருந்ததே. பன்னிரண்டு பதினாலு, பதினைந்து, வினாடி முள் சுற்றுகிறது, பதினாறு, ஏன் வரவில்லை, ஒன்பது சென்டி திறந்தவளுக்கு வலி நெருங்கித்தானே வரும், முட்டிக்கொண்டு வருமே, மூன்றாம் பெட்டில் ஒரு பெண் அம்மா அம்மா என்று கத்துகிறாள், வேணி தூங்குகிறாள். பன்னிரண்டு பதினேழு. தூங்குகிறாள்! பொற்கொடி எழுந்துவிட்டாள்.

ஜெபராணி வாசலில் மருந்துப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "சிஸ்டர்" என்றாள் பொற்கொடி. கிட்டே போய், "சிஸ்டர், வேணிய ஒரு தடவ உள்ள பாத்துருங்க."

"ஒம்பதாயிருச்சு மேடம், இனி ரெண்டு மணிக்குள்ள..."

"நீங்க பாக்கல சிஸ்டர்."

ஜெபராணியின் பேனா நின்றது. முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. "என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க?" என்றாள், கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. "நிழல் புள்ளி கரெக்டா இருக்கும்னு நீங்கதானே மேடம் ட்ரெய்னிங்ல சொன்னீங்க? நான் ஒத்த ஆளு. மூணு பேரு. ரெண்டு கைதானே எனக்கு?"

"தெரியும் சிஸ்டர். உங்க மேல தப்பு சொல்லல. அந்தப் புள்ளிய நம்பாதீங்க. அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தயவு செஞ்சு வாங்க." கையெடுத்துக் கும்பிட்டாள் பொற்கொடி, வாழ்க்கையில் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை.

கையுறை மாட்டும் சத்தம். திரைச்சீலை வளையம் கம்பியில் உரசும் சத்தம். வேணி விழித்துக்கொண்டு அக்கா என்றாள், ஒண்ணுமில்ல பாப்பா, ஒண்ணுமில்ல. ஜெபராணி கூரையைப் பார்த்துக்கொண்டு விரலால் பார்த்தாள், பார்த்தாள், இவ்வளவு நேரம் எதற்குப் பார்க்கிறாள், பொற்கொடி எண்ணவில்லை, எண்ணுகிற புத்தியே அப்போது இல்லை. "அஞ்சு" என்றாள் ஜெபராணி. "காலைல இருந்த அதே அஞ்சு. இயேசப்பா. தண்ணி கலங்கி வருது மேடம், குழந்தை உள்ளேயே மலம் போயிருச்சு." துடிப்புக் கருவியை எடுத்து வயிற்றில் வைத்தாள், கரகரவென்று ஒலித்தது, நூற்று நான்கு, நூற்றிரண்டு. அவள் கழற்றிய கையுறையோடு மேசைக்கு ஓடினாள். டாக்டருக்கு வரைபடம் போனிலேயே போகும், அதைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்பது பழக்கம். ஒன்பதிலிருந்த புள்ளியை ஐந்துக்கு இழுத்தாள். புள்ளி வரவில்லை. துள்ளி மேலேயே போய் நின்றது. ஒரு கட்டம் வந்தது: முந்தைய அளவைவிடக் குறைவாக உள்ளது. சரிபார்த்து மீண்டும் பதியவும். திறந்த கர்ப்பவாய் மூடுவதில்லை, அதனால் புள்ளி கீழே இறங்கினால் அது நர்சின் கைத்தவறாகத்தான் இருக்கும் என்று பொற்கொடி போட்டு வைத்த பூட்டு அது, அந்த வாசகம்கூட அவள் எழுதியதுதான், மரியாதையாக இருக்க வேண்டுமே என்று இரண்டு நாள் யோசித்து எழுதினாள். ஜெபராணி மறுபடி இழுத்தாள். மறுபடி துள்ளியது. "போட விட மாட்டேங்குது மேடம், உண்மையப் போட விட மாட்டேங்குது!" என்று ஜெபராணி அழுதேவிட்டாள்.

"விட்டுத் தொலைங்க அத. டாக்டருக்கு போன் போடுங்க."

டாக்டர் அனிஸ் பாத்திமா வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சையாத்தானே இருக்கு ஜெபராணி, இப்பதான் பாத்தேன், ஒம்பதுன்னு..." என்று போனில் அவர் சொல்லும்போதே பொற்கொடி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "டாக்டர், நான் வேணியோட அக்கா. அந்தக் கருவியச் செஞ்சவளும் நான்தான். அது காட்டறது பொய். அதப் பாக்காதீங்க, வந்து என் தங்கச்சியப் பாருங்க." அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. டாக்டர் வந்தார், பார்த்தார், ஜெபராணியை ஒரு பார்வை பார்த்தார், பொற்கொடியை ஒரு பார்வை பார்த்தார், திட்டுவதற்கு நேரமில்லை, "தியேட்டர்" என்று ஒரு வார்த்தைதான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது வேணி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பச்சைன்னு சொன்னியேக்கா" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். பொற்கொடி முந்தானையை விடுவித்துக்கொண்டாள், கதவு மூடிக்கொண்டது. வராந்தாவிலிருந்து பால்பாண்டி, "என்னாச்சு மதினி, என்னாச்சு?" என்று ஓடிவந்தான். "ஆபரேஷன். நான் சொன்னது தப்பு தம்பி. நீ சொன்னதக் கேட்டிருக்கணும்" என்றாள். அவன் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உள்ளே கத்தி வைத்திருப்பார்களா, நூற்றிரண்டு இப்போது எவ்வளவு ஆகியிருக்கும், தொண்ணூறு, எண்பது, வேண்டாம், நம்பரே வேண்டாம். போனை எடுத்தாள். ரெங்கராஜன் சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மெல்லும் சத்தம் கேட்டது. நிழல் புள்ளியை நிறுத்துங்கள் சார், எல்லா ஆஸ்பத்திரியிலும், இப்போதே என்றாள். விஷயத்தையும் சொன்னாள், ஊதா மசியையும் சொன்னாள், அறுபத்து மூன்றையும் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார்: "எத்தனை கேஸ்ல இப்படித் தப்பாயிருக்கு? நம்பர் குடும்மா."

"தெரியாது சார். தேடினாலும் கிடைக்காது. எல்லாமே பச்சையாத்தான் இருக்கும்."

"அப்ப என்ன பிரச்சினை?"

"அதுதான் சார் பிரச்சினை!"

வெள்ளிக்கிழமை நேரில் பேசுவோம், நீ இப்ப பதட்டத்துல இருக்க என்றார் அவர். பதட்டத்தில்தான் இருந்தாள், ஆனால் இவ்வளவு தெளிவாக அவளுக்கு எதுவுமே தெரிந்ததில்லை. இந்த நேரம் நாற்பத்தொரு பிரசவ வார்டிலும் பன்னிரண்டு மணிப் புள்ளி தட்டி முடித்திருப்பார்கள். "நீங்க நிறுத்தலேன்னா நானே ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுச் சொல்லுவேன் சார், என் பேரச் சொல்லித்தான் சொல்லுவேன்" என்று வைத்துவிட்டாள். முதல் நம்பரை அழுத்தினாள், பிஸி. இரண்டாவதில் ஒரு நர்சு எடுத்தாள், பொற்கொடி சொல்லி முடித்ததும் "மேடம், வைங்க, நான் போயி பாக்கணும்" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது, நாலாவது. ஏழாவதில் பேசிக்கொண்டிருக்கும்போது தியேட்டர் கதவு திறந்து ஆயா ஒருத்தி துணிப்பொட்டலத்தோடு வந்தாள். "யாருப்பா பால்பாண்டி? பொம்பளப் பிள்ள. லேசுல அழ மாட்டேன்னுச்சு, தட்டித் தட்டி அழ வச்சுருக்கு. மூச்சுக்கு வச்சுப் பாக்கணுமாம், காட்டிட்டுக் கொண்டு போறேன். தாய் நல்லாயிருக்கா." பால்பாண்டி கை நீட்டவில்லை, கும்பிட்டான். பொற்கொடி அந்தச் சுருங்கின, ஊதாப் பூத்த முகத்தைப் பார்த்தாள், ஓ என்று வாய்விட்டு அழுதாள், வெட்கமே இல்லாமல், வராந்தாவில் போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்கை எடுக்க வார்டுக்குள் போனபோது ஜெபராணி ஸ்க்ரீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளைக் கிளிப் போட்டு வைத்திருந்தாள். "ரெண்டாம் பெட்டு ஏழுன்னு தட்டியிருந்தேன் மேடம், பாத்தேன், ஏழேதான்" என்றாள். இருவருக்கும் அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை. மூன்றாம் பெட்டில் அந்தக் கத்தின பெண், இருபது வயசிருக்கும், கிறங்கிப்போய்க் கிடந்தாள். ஜெபராணி புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு அங்கே போய்த் திரைச்சீலையைப் பிடித்தாள். பெண்ணின் அம்மா, காதில் வெறும் ஓட்டையோடு, குறுக்கே வந்து நின்றுகொண்டாள். அவளுக்கு ஜெபராணியை விட்டுவிட்டுப் பொற்கொடியிடம்தான் கேட்கத் தோன்றியது, முதல் பெட்டில் நடந்ததை முழுக்கப் பார்த்தவள் அவள்.

"ஏம்மா, எம் மகளையும் எதுக்கு மறுபடி பாக்குறாக? இவளுக்கும் பச்சதான்னு சொன்னாகளே. நானும் பாத்தேனே, பச்சையாத்தான் தெரியுது."

"அந்தப் பச்சைய நான்தான்மா போட்டேன்" என்றாள் பொற்கொடி. "சென்னையில உக்காந்து போட்டேன். உங்க மகளப் பாத்துப் போடல."

அந்த அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியவில்லை. அவள் ஸ்க்ரீனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், வழி விட்டு ஒதுங்கி நின்று, "அப்ப எம் பிள்ளைக்கு எப்படித்தான் இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் பொற்கொடி. "பாத்துத்தான் சொல்லணும்."